தப்பாத கை

கோல்ஃபில் பந்தை ஓங்கி அடிப்பவர்கள் நிறைய உண்டு. குழியருகே கிடக்கும் பந்தை மெல்லத் தட்டி உள்ளே தள்ளும்போதுதான் பலருக்குக் கை நடுங்கும். அவனுக்கு நடுங்காது. 'தப்பாத கை' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. அந்தக் கை எப்படி வந்தது என்று எந்தப் பேட்டியிலும் அவன் சொன்னதில்லை.

மைதானத்தில் பந்து பொறுக்கி, ஆட்டக்காரனாக உயர்ந்தவன். பெற்றோர் போனபின் அக்கா வீட்டில் ஒண்டியிருந்தான். அவன் ஜெயிக்கத் தொடங்கியதும் அக்கா புருஷன் டயர் கடையை இழுத்து மூடிவிட்டு, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே கிளம்பிவிட்டார்.

ஒரு பந்தயத்தில் சுலபமான தட்டலைக் கோட்டைவிட்டான். வீடு திரும்பியதும் மாமா செருப்பைக் கழற்றி அக்காவின் வாயில் அடித்தார். குறுக்கே பாய்ந்தவனைச் சுவரோடு வைத்து மிதித்தார்.

"உன் கையில அடிச்சா வீங்கிடும் மாப்ள. பொழப்பு போயிடும். அதான் இவளுக்கு. நீ தப்பவிடு, நான் இவள விடமாட்டேன்."

அக்கா முன்பல்லைக் கையில் துப்பினாள். அதன்பின் அவன் தப்பவிடவில்லை. கோப்பைகள் வீட்டில் குவிந்தன.

பெரிய பந்தயத்தின் கடைசி நாள், கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் ஒரு முழம்தான். கயிற்றுக்கு அப்பால் நின்ற அக்கா, வியர்வை துடைக்கக் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது.

"நேத்து நான் ஒண்ணுகூட தப்பவிடலியே மாமா."

"அதுக்கென்ன? சாப்பாட்டுல உப்பு இல்ல. பேசாம தட்டு, ஜனம் பாக்குது."

மட்டையின் இரும்புத் தலை மாமாவின் முழங்காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் கயிறுவரை கேட்டது. அடுத்த அடியில் தாடை கோணியது, புல் சிவந்தது. மூன்றாவதாக ஓங்கியபோது அக்கா ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"போதும்டா. இவன் செத்தா நீ உள்ள போயிடுவ. எனக்கு யாரு இருக்கா?"

பந்து கிடந்த இடத்திலேயே கிடந்தது. கோப்பை வேறொருவருக்குப் போனது. அவன் ஓராண்டு சிறையில் இருந்தான். ஆட்டத்துக்கு மூன்றாண்டு தடை. மாமா கோலூன்றித் தன் தாய் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை.

தடை முடிந்தபின் இன்னும் நிறைய ஜெயித்தான். சுலபமான தட்டல்கள் சில தவறவும் செய்தன. அப்போதெல்லாம் பையைத் தூக்கி வரும் அக்கா சொல்வாள்:

"குழி அங்க இருக்குடா கழுதை. எங்க பாக்குற?"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த குழிக்கு நடப்பான்.