ஒன்ராறியோவைப் பாடமாக்கிய மூன்று மாதங்கள்

நியூசிலாந்தில், ஓக்லண்டின் ஓரத்திலிருக்கும் ரானுயியில் குடியிருந்துகொண்டு ஒன்ராறியோ மாகாணத்தின் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவன், தொண்ணூறுகளில், நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். மனைவியின் அக்கா ரொறன்ரோவில் இருந்தார். எப்படியாவது அங்கே போய்விட வேண்டும் என்பது மனைவியின் ஒரே ஆசை. கனடா விசாவுக்கு விண்ணப்பித்தோம். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

யாழ்ப்பாணத்தான் கையில் அப்படியொரு கடிதத்தைக் கொடுத்தால் அவன் முதலில் செய்வது பாடமாக்குவதுதான். என்ன கேட்பார்கள் என்பது அவனுக்குத் தேவையில்லாத விஷயம். அக்கா அங்குள்ள பள்ளிக்கூடப் புவியியல் புத்தகம் ஒன்றை அனுப்பிவைத்தார். காலையில் ஹென்டர்சனுக்கு ரயிலில் வேலைக்குப் போகும்போது சுரங்கப் பாடம், திரும்பும்போது காகித ஆலைப் பாடம். கொழும்பில் கணக்காளனாக இருந்த நான் இங்கே ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கும்போதும் வாய் முணுமுணுத்தது. பக்கத்தில் நின்ற சமோவாக்காரர் நான் செபம் சொல்வதாக நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார். ஓக்லண்டில் என்ன தொழில் நடக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால், பிஸ்கட் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மாலையில் மனைவி வெங்காயம் வெட்டியபடி கேள்வி கேட்பாள்.

“நிக்கல் எங்கை எடுக்கிறது?”

“சட்பரியிலை.”

“கார்?”

“ஓஷாவா, வின்ட்சர்.”

“அணு மின்சாரத்தை விட்டிட்டியள்.”

இப்படியே மூன்று மாதம். எங்கள் வீட்டில் அவ்வளவு கலகலப்பு அதற்கு முன் இருந்ததில்லை என்று எனக்குப் பெருமை வேறு.

நேர்முகம் நகரத்தில், ஓர் அலுவலகத்தின் ஏழாம் மாடியில். இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். அங்கே போய் எப்படிப் பிழைப்பீர்கள் என்று அதிகாரி கேட்டார். அடித்தது யோகம்! வாகனம், வங்கி, நிக்கல் என்று தொடங்கி, தெற்கே திராட்சைத் தோட்டம் வரை மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லது. நான் கேட்டது உங்களைப் பற்றி” என்றார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

பிறகு மனைவியிடம், ஏன் கனடா என்று கேட்டார். அவளுக்கும் நான் ஒரு பக்கம் நிறைய எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் அதில் ஒரு வரியைக்கூடச் சொல்லவில்லை. அங்கே அக்கா இருக்கிறார், இங்கே எனக்குக் கதைக்க ஒருவரும் இல்லை என்று தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் சொன்னாள். பக்கத்துக் கதிரையில்தான் நான் இருந்தேன். வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

விசா கிடைக்கவில்லை. புள்ளிகள் போதவில்லையாம். கடிதம் வந்த மாலை அவள் அழவில்லை. வழக்கம்போல வெங்காயத்தோடு உட்கார்ந்தாள். நான் எதிரே போய் இருந்தேன். கலியாணமாகி எட்டு வருடத்தில் முதல் தடவையாக, “இண்டைக்கு முழுக்க நீர் என்ன செய்தனீர்?” என்று கேட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது எந்தச் சோதினைக்கு?” என்றாள்.