பேசாமல் இருந்த நாலு நாள்

அவனை நாங்கள் எல்லாரும் கரண்ட் என்றுதான் கூப்பிடுவோம். ரொட்டி ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். கோபம் வந்தால் கிட்டே போக முடியாது. நான் அதே ஃபேக்டரியில் ஃபிட்டர். இருவருக்கும் ஒரே அறை, ஒரே இரும்புக் கட்டில். மேல்தட்டு அவனுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் ஒரு பச்சைப் பொத்தானை அமுக்கியிருந்தால் கீழ்த்தட்டு காலியாகியிருக்கும். பழியை அவன் தலையில் போட இதைச் சொல்லவில்லை. பாதிக்கு மேல் அது என் கைங்கரியம்.

வெளிநாட்டில் வேலை பார்ப்பவனுக்குக் கெட்ட நாள் ஒன்றும் புதிதில்லை. வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் போதும், சூப்பர்வைசர் காலையிலேயே வாயைத் திறந்தால் போதும், அன்றைய பொழுது நாசம். அதைக் கழிக்க ஒவ்வொருத்தனும் ஒரு வழி வைத்திருந்தான். கரண்ட் துணி துவைப்பான். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக வாளியைத் தூக்கிக்கொண்டு போனால், யாரோ அவனை நன்றாகக் கிளறிவிட்டார்கள் என்று அர்த்தம். தன் துணி தீர்ந்ததும் எங்கள் துணியை உருவுவான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு. கிளறிவிட்டவனின் பரம்பரையையே இழுத்துவைத்துத் திட்டி, அடித்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டு வருவான். "இன்னிக்கு யாருடா?" என்று கேட்போம். அறையில் ஆறு பேர் துணியும் எப்போதும் வெள்ளை வெளேரென்று இருந்ததற்கு எங்கள் சூப்பர்வைசருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நான் வேறு ரகம். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம்கூட. எதிரில் நிற்பவன் சுவர் மாதிரி, அவன் பேசுவது காதிலேயே விழாத மாதிரி நடப்பேன். அதை நல்ல குணம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். "மாப்பிள்ளை ஒரு வார்த்தை அதிர்ந்து பேச மாட்டார், தங்கமான மனுஷன்" என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தத் தங்கத்தோடு குடித்தனம் நடத்தும் கஷ்டம் என் மனைவிக்குத்தான் தெரியும்.

அந்தத் தடவை சண்டை வந்தது என் கட்டைவிரலால். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செயின் அதன் மேல் விழுந்து நசுங்கி, நாலு தையல் போட்டிருந்தார்கள். வீட்டில் சொல்லவில்லை. வீடியோ காலில் அந்தக் கையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே பேசி ஒப்பேற்றினேன். கரண்ட் என் மனைவியைத் தங்கச்சி என்பான். அந்த வகையில் நான் மச்சான். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அவள் அடித்த போனை அவன் எடுத்திருக்கிறான். "ஏண்ணே, அவரு ஏன் ஒத்தக் கையாலயே எல்லாம் பண்றாரு?" என்று அவள் கேட்க, இவன் பெரிய மனுஷன் மாதிரி, "பயப்படாத தங்கச்சி, தையல் பிரிச்சாச்சு" என்றானாம். ஆறுதல் சொன்னானாம்!

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது போனில் அவள் அழுதுகொண்டிருந்தாள். "எங்கிட்ட இன்னும் என்னென்ன மறைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளுக்குக் காட்ட முடியாத கோபத்தை அவன் மேல் காட்டினேன். எப்படி? வழக்கம்போலத்தான். பேச்சை நிறுத்தினேன். அன்று சாயங்காலம் அவன் வேலையிடத்திலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டான். எரிச்சலில் அவன் நம்பரை பிளாக் செய்தேன். தலைக்கு மேலே அரை ஆள் உயரத்தில் படுத்திருப்பவனை போனில் பிளாக் செய்வது எவ்வளவு பெரிய கேலிக்கூத்து என்று அப்போது தோன்றவில்லை. மனசுக்குக் கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது.

நாலு நாள் ஓடியது. செவ்வாய்க்கிழமை காலையில் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். மேல்தட்டிலிருந்து அவன் குரல் வந்தது. "லீவு கேன்சலாம். மாத்து ஆளு வரலையாம். இதோட மூணாவது தடவை." யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துச் சொன்னான். ஆனால் எனக்குத்தான் சொன்னான் என்பது எனக்குத் தெரியும். அவன் மகளுக்கு ரெண்டேகால் வயது. அவள் பிறந்ததிலிருந்து அவன் இங்கேதான். யார் போனில் பேசினாலும் அந்தக் குழந்தை "அப்பா" என்றுதான் கூப்பிடும்.

"வீட்டுக்காரிகிட்ட சொன்னேன், சரின்னு மட்டும் சொன்னாடா. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல. சரின்னு சொல்லிட்டு வெச்சிட்டா."

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. "விடு மச்சான், அடுத்த மாசம் கிடைக்கும்" என்று ஏதாவது உப்புச் சப்பில்லாமல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது. அவனுக்கு வாளியைத் தூக்க நேரம் இல்லை. அந்தக் கோபம் அப்படியே சட்டைக்குள் அவனோடு வேலைக்கு வந்தது.

எனக்கு அன்று மாவு பிசையும் பெரிய மெஷினில் வேலை. சின்ன அறை அளவுக்கு ஸ்டீல் தொட்டி, அதற்குள் ஆள் உயர இரும்புக் கைகள். ஒரு கையில் போல்ட் தளர்ந்திருந்தது. பின்பக்கக் கதவு வழியாக உள்ளே இறங்கி மாற்ற வேண்டும். இதற்கு ஒரு முறை உண்டு. உள்ளே போகிறவன் முதலில் மெயின் சுவிட்சை இறக்கி, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். பூட்டின் மேல் அவன் போட்டோவும் போன் நம்பரும் ஒட்டியிருக்கும். சாவி அவன் பாக்கெட்டில். போட்டவன்தான் திறக்க வேண்டும். ஆள் எங்கே என்று தெரியாவிட்டால் போனில் கேட்காமல் யாரும் தொடக் கூடாது. வெளியே காவலுக்கு ஒருவன் நிற்க வேண்டும். அவன் தொட்டியில் ஒரு தட்டுத் தட்டினால், உள்ளே இருப்பவன் இரண்டு தட்டுத் தட்டிப் பதில் சொல்வான்.

கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாதபடி இன்னொரு ஏற்பாடும் இருந்தது. அது கெட்டுப்போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. உற்பத்தி நிற்கக் கூடாது என்று சூப்பர்வைசர் நெருக்கியதில், ஒரு வயரைக் கொடுத்து அதை ஏமாற்றி வைத்தது கரண்ட்தான். எனக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

போல்ட் துருப்பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. பன்னிரண்டுக்கு முடிய வேண்டிய வேலை ஒரு மணி ஆகியும் முடியவில்லை. காவலுக்கு நின்றவன் கதவுக்குள் தலையை நீட்டி, "சாப்பாட்டு டயம், வர்றீங்களா?" என்றான். போனால் கரண்டுக்கு எதிரில் உட்கார வேண்டும். "நீ போய்ட்டு வா" என்றேன். நான் வெளியேறாமல் அவன் நகர்ந்திருக்கக் கூடாது. நான் அனுப்பியிருக்கவும் கூடாது.

அடுத்து நடந்ததைப் பிற்பாடு துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்றேகால் மணிக்கு சூப்பர்வைசர் வந்து, மெஷின் ஏன் நிற்கிறது என்று கத்தியிருக்கிறார். அவர் நம் ஆள் இல்லை. எல்லாருக்கும் பொதுவான அரைகுறை ஆங்கிலத்தில்தான் கத்துவார். கரண்ட் திரும்பி ஸ்விட்ச் போர்டைப் பார்த்தான். என் பூட்டு தொங்கியது. போன வாரம் வேறொரு மெஷினில் நான் பூட்டை மறந்துவிட்டுச் சாப்பிடப் போய், நாற்பது நிமிஷம் லைன் நின்று, அதற்கு வசவு வாங்கியவன் அவன். பின்பக்கக் கதவு அவன் நின்ற இடத்திலிருந்து தெரியாது. சுற்றிப் போய்ப் பார்த்திருக்கலாம். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முறைப்படி என் நம்பரைக் கூப்பிட்டான். ஒரே ஒரு ரிங் போய்க் கட் ஆனது. மறுபடி கூப்பிட்டான். அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான். பிளாக் செய்த நம்பருக்கு அப்படித்தான் ஆகும். அவன் வேறு கணக்குப் போட்டான்: கட் பண்ணுகிறான் என்றால் ஆள் கையில் போனோடு எங்கோ சுகமாக உட்கார்ந்திருக்கிறான். மெஷினுக்குள் போல்ட்டோடு மல்லுக்கட்டுகிறவன் மூன்று தடவை நிதானமாகக் கட் பண்ணுவானா? அவன் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

உள்ளே எனக்கு சிக்னல் நன்றாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் என் மனைவி "சாப்டீங்களா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அதைப் படித்துவிட்டு போனைப் பாக்கெட்டில் போட்டேன்.

"அறு" என்றார் சூப்பர்வைசர். கரண்ட் பெரிய கட்டரை எடுத்துவந்து என் பூட்டை அறுத்தான். மெயின் சுவிட்சை மேலே தூக்கினான். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எங்கோ ஒரு ஃபேன் சுற்றத் தொடங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பக்கத்து மெஷின் என்று நினைத்துக்கொண்டேன். தலையை இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவில் நுழைத்து ஸ்பேனரை மாட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடப் பச்சைப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

பொத்தானுக்கு வலது கையை நீட்டியவன், இடது கையில் அறுத்த பூட்டு இன்னும் இருப்பதைப் பார்த்தான். அதில் என் போட்டோ. நாலு நாளாக அவனைச் சுவராக நினைத்த அதே மூஞ்சி. காலையில் அவன் சொன்னதைக் கேட்டும் கேட்காத மூஞ்சி. பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு. "போடா நாயே, உனக்கு நான் யாருடா?" என்று கத்திக்கொண்டு பூட்டை வீசி எறிந்தான். அது தொட்டியில் பட்டு டங்கென்று அதிர்ந்தது.

காவல்காரன் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டான் என்று நினைத்து, ஸ்பேனரால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

வெளியே ஒரு சத்தம் கேட்டது. அதை எந்த வார்த்தை என்று சொல்ல முடியாது. நான் கதவு வழியாக வெளியே வந்து சுற்றிக்கொண்டு போனபோது, மெயின் சுவிட்சு இறங்கியிருந்தது. கரண்ட் அதை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டிருந்தான். சூப்பர்வைசர் முகத்தில் ஈயாடவில்லை. என் பூட்டு தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாலு பேர் சேர்ந்து விரல் விரலாகப் பிரித்தெடுக்கும் வரை அவன் அந்த சுவிட்சை விடவில்லை.

மூன்று மணிக்கு விசாரணை. சூப்பர்வைசர், "பார்க்கத்தான் சொன்னேன், அறுக்கச் சொல்லவில்லை" என்றார், கூசாமல். கரண்ட் எதையும் மறுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டதை மட்டும் போனில் காட்டினான். சேஃப்டி ஆபீசர் என் போனை வாங்கிப் பார்த்தார். அந்த அழைப்புகள் வந்ததற்கான அடையாளமே இல்லை. நெட்வொர்க் கோளாறாக இருக்குமோ என்று அவரே எனக்கு வழி எடுத்துக் கொடுத்தார். தலையை ஆட்டினால் போதும். ஒரு கணம் ஆட்டிவிடலாம் என்றுதான் இருந்தது. அந்த அற்பத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறகு நான்தான் நம்பரை பிளாக் செய்திருந்தேன் என்றேன்.

கரண்ட் திரும்பிப் பார்த்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம்.

அவனுக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன், கடைசி எச்சரிக்கை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். சூப்பர்வைசருக்கு ஒன்றும் இல்லை. அவருக்கு என்றைக்கு ஏதாவது வந்திருக்கிறது?

அறைக்குத் திரும்பினோம். மற்றவர்கள் சமையலறையில் இருந்தார்கள். வாளி மூலையில் கிடந்தது. அவன் அதன் பக்கம் போகவில்லை. மேலே ஏறாமல் என் கட்டிலில் உட்கார்ந்தான். "மன்னிச்சிடு மச்சான்" என்றேன். நாலு நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"அத விடு" என்றான். "உனக்கு ஏதாவது ஆயிருந்தா உன் வீட்டுக்கு யாரு சொல்லியிருப்பா? கம்பெனிக்காரன் பேசுற பாஷை தங்கச்சிக்குப் புரியாது. ரூம்ல இருக்கறவன்தான் சொல்லணும். நான்தான் சொல்லணும்."

நான் போய்க் கதவைச் சாத்தினேன்.

"மத்தியானத்திலேருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாக்கறேன் மச்சான். தங்கச்சின்னு ஆரம்பிக்கிறேன். அதுக்கு மேல ஒரு வார்த்த வரமாட்டேங்குது."

கைகளை முழங்காலுக்கு நடுவில் கோத்துவைத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். நாங்கள் எழுந்திருக்க வெகு நேரம் ஆயிற்று.