நகல் எடுக்காத பட்டியல்

பிழையைக் கண்டேன். சொல்லவில்லை. மறதியால் அல்ல, பயத்தால் அல்ல... ஒருவனை விழுத்துவதற்காகவே சொல்லவில்லை.

ஓய்வுபெற்றவனின் புலம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். புலம்ப எனக்கு நேரமில்லை. கொழும்பில் ஒரு கணினிக் கந்தோரில் காலம் முடித்து மன்னாருக்குத் திரும்பிய பின்னரும், பலர் சேர்ந்து இலவசமாக வளர்க்கும் நிரல்மொழி ஒன்றுக்கு நான் மீளாய்வாளன். அந்த மொழியோடு கூடவே எல்லோர் கைக்கும் போய்ச் சேரும் அடிப்படைத் தொகுப்பை நியம நூலகம் என்போம். அதில் ஒரு வரி நுழைவதற்கும் மீளாய்வாளனின் சம்மதம் வேண்டும். அதற்கான விதிகளை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

ஜெயசீலனும் மன்னாரான்தான். கந்தோரில் என் பகுதியில் வேலை செய்தவன். என் பிரியாவிடை விருந்தில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அண்ணையிட்ட பாலம் கட்டச் சொன்னால் சோதனைச்சாவடிதான் கட்டுவார். பையைத் திற, அடையாள அட்டையைக் காட்டு, இறங்கி நட... பாலம் எங்கயெண்டு மட்டும் கேக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். யுத்த காலத்தில் மன்னார்ப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி வெயிலில் வரிசையாக நின்றவன் நான். அந்தப் பகிடி எனக்கு எப்படிச் சுட்டிருக்கும்!

அன்றே சபதம் எடுத்தேன் என்றால் பொய். காத்திருந்தேன். அது வேறு.

சில வருடங்களில் அவனே என் கைக்கு வந்தான். பழைய நிரல்மொழி ஒன்றிலிருந்து எங்கள் மொழிக்கு அணிகளைக் கடத்தும் பாலம் ஒன்றை நியம நூலகத்துக்கு எழுதி அனுப்பியிருந்தான்.

அணி என்பது ஒழுங்காக அடுக்கிய பட்டியல், அவ்வளவுதான். பழைய மொழியில் ஒரே பட்டியலைப் பலர் பிடித்திருக்கலாம். ஒருவர் திருத்தினால் எல்லோருக்கும் மாறிவிடும். எங்கள் மொழியிலோ, உங்களிடம் தந்த பட்டியல் உங்களுடையது. வேறெவரும் அதில் கைவைக்க முடியாது. ஆகவே எல்லை கடக்கும்போது நகல் எடுத்தே ஆக வேண்டும்.

ஜெயசீலன் எடுக்கவில்லை. நகல் எடுத்தால் தாமதமாம். இரு பக்கமும் ஒரே பட்டியலையே பார்க்கும்படி விட்டிருந்தான். மின்னல் வேகம்! சோதனைச்சாவடி இல்லாத பாலம்!

முதல் வாசிப்பிலேயே கண்டேன்.

கண்டு என்ன செய்தேன் தெரியுமா? பெயர்கள் பொருத்தமில்லை என்று குறிப்பெழுதினேன். விளக்கவுரையில் காற்புள்ளி பிழை என்று எழுதினேன். பரிசோதனைகளை வேறு கோப்புக்கு மாற்றச் சொன்னேன். அந்த ஒன்றைத் தவிர எல்லாம் எழுதினேன். அவன் பணிவாகத் திருத்தித் திருத்தி அனுப்பினான். சம்மதம் கொடுத்தேன். விதிப்படி என்மேல் ஒரு குற்றமும் சுமத்த முடியாது... அதுதான் எனக்கு இனித்தது.

எங்கோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ஏதோ உடையும், அவன் பெயர் நாறும் என்றுதான் எதிர்பார்த்தேன். கடல் என் நினைவுக்கு வரவேயில்லை. நம்புவீர்களா?

ஜெயசீலனின் மனைவியின் ஊர், மன்னாருக்குத் தெற்கே அரிப்பு என்ற கடற்கரைக் கிராமம். அந்தக் கரையோரத்து மீனவர்களுக்கு அவன் ஒரு செயலி செய்து கொடுத்திருந்தான். கடலுக்குப் போன படகுகள் பட்டியலில் இருக்கும். கரை சேர்ந்ததும் பெயர் நீங்கும். பின்னேரம் பொறுப்பாளர் திரையைப் பார்ப்பார். பெயர் மிஞ்சினால் தேடப் போவார்கள். பட்டியலைக் காக்கும் பகுதி பழைய மொழியில், திரை புதிய மொழியில். நடுவில் அவனுடைய பாலம். பட்டியலைத் திரைக்கு அனுப்பியதும், மறுநாளுக்காகப் பழைய பகுதி தன் பட்டியலைத் துடைக்கும். நகல்தான் இல்லையே... திரையும் துடைபடும்.

எல்லாப் படகும் வந்த நாட்களில் வெறுந்திரை சரியானதுதான். அதனால் எவருக்கும் தெரியவில்லை.

மரியதாஸ் என்ற மீனவரின் படகு வராத அன்றும் திரை வெறுமையாகவே இருந்தது. பொறுப்பாளர் வீட்டுக்குப் போய்விட்டார். மரியதாஸின் குடும்பம் இன்னும் தமிழ்நாட்டு அகதி முகாமில். அவர் மட்டும் முந்தித் திரும்பியவர். ஏன் வரவில்லை என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

நின்றுபோன எஞ்சினைக் கிளப்பப் போய் அவருடைய வலக்கை நசுங்கியிருந்தது. மறுநாள் வேறு படகுக்காரர் கண்டு இழுத்து வந்தார்கள். மூன்று விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாளே கொண்டுவந்திருந்தால் எடுத்திருக்கத் தேவையில்லையாம்.

ஜெயசீலன் ஊர் முன்னால் நின்று பழியை ஏற்றான். பிறகு என்னிடம் வந்தான். கதிரை நுனியில் இருந்தான்.

"அண்ணை, நீங்கள் வரிவரியாப் பாத்தனீங்கள். உங்கட கண்ணுக்கே தெரியேல்லையெண்டால்... நான் எதில பிழைவிட்டனான் எண்டு இன்னும் விளங்கேல்லை."

தேத்தண்ணி கொடுத்தேன். அவன் குடித்து முடியும்வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கும் தப்பிட்டுது, தம்பி. பொறும், பாப்பம்."

அவன் அழுதான். எனக்கு... பசி தீர்ந்ததுபோல் இருந்தது.

மறுநாள், நகல் எடுக்கும் அந்த ஒரு வரியை அனுப்பினேன். முதல் வாசிப்பன்றே எழுதி வைத்திருந்த வரி! திருத்தியவர் என்ற இடத்தில் என் பெயர் நிற்கிறது. ஜெயசீலன் இப்போது நிரல் எழுதுவதில்லை.

மடு மாதா கோவிலுக்குப் போனேன். குருவிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். என் முறை வரும்போது விலகி நடந்தேன். அதன் விதியும் எனக்குத் தெரியும்: செய்ததற்காக மனம் வருந்தும் மனஸ்தாபம் இல்லாமல் மன்னிப்பு இல்லை. மரியதாஸின் விரல்களுக்காக எனக்கு மனஸ்தாபம் உண்டு. ஜெயசீலனின் கண்ணீருக்காக... தேடிப் பார்த்தேன். இல்லை. இன்னும் இல்லை! பாதிப் பாவத்துக்கு மன்னிப்புக் கேட்க எந்த விதியில் இடமிருக்கிறது?

மரியதாஸ் இப்போது மன்னார்ச் சந்தையில் மீன் விற்கிறார். போன மாதம் என்னை மறித்தார்.

"ஐயா, ஜெயசீலன் தம்பி சொன்னவர். நீங்கள்தானாம் பிழையைக் கண்டுபிடிச்சது. இனி ஒருத்தருக்கும் இப்பிடி வராதாம்." மிஞ்சிய இரண்டு விரல்களால் ஒரு பாரை மீனைத் தூக்கிப் பையில் போட்டார். "காசெல்லாம் வேண்டாம், கொண்டுபோங்கோ."

கொண்டுபோனேன். மனைவி குழம்பு வைத்தாள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் என்னைத் தூரத்தில் கண்டவுடனேயே அவர் நல்ல மீனாகத் தெரிந்தெடுக்கத் தொடங்கிவிடுகிறார்... அந்தக் கையால்தான்.