பால்காரன் வண்டிக்குச் சின்னச் சக்கரம் மாட்டியவன்

மூணாங்கிளாஸ் தாண்டாத நான்தான் உத்திரமேரூரில் சைக்கிள் கடை போட்டேன், மாடி வூடு கட்டினேன், தங்கச்சிகளைக் கரையேற்றினேன். ஒருத்தனும் கை கொடுக்கவில்லை.

எழுபதுகளில் ஒரு பொங்கலுக்குக் காவாந்தண்டலம் வரை சைக்கிள் ரேஸ் வைத்தார்கள். பரிசு புது சைக்கிள். பால்கார முனுசாமியின் ஓட்டை வண்டியில் பின்சக்கரப் பல்சக்கரத்தைக் கழற்றிச் சின்னதாக ஒன்றை மாட்டினேன்.

"இன்னாண்ணே, மிதிக்கவே கனமா கீது?"

"கெளம்பும்போதுதான்டா கனம். அப்புறம் ஒரு மிதிக்கு ரொம்ப தூரம் போவும். இங்க ஏர்றதுக்கு ஏரிக்கரைய வுட்டா வேற மேடு இன்னா கீது?"

ஜெயித்துவிட்டான். பரிசு கொடுத்த ரைஸ்மில் முதலாளி மைக்கை நீட்டினார். "எப்டிப்பா ஜெயிச்ச?"

மேடைக்குக் கீழே, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு என் பேருக்காகக் காத்திருந்தேன். முனுசாமி என்னைப் பார்த்தான். பிறகு முதலாளியைப் பார்த்தான்.

"எல்லாம் உங்க மில்லு அரிசி துன்ன தெம்பு, மொதலாளி."

கூட்டம் கை தட்டியது. அவன் கீழே இறங்கியதும், என் பேரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"கோச்சிக்காதண்ணே. சைக்கிள் குடுக்கறவரு அவருதானே?"

காறித் துப்பிவிட்டு வந்தேன். உழைப்பைப் பார்த்து நன்றி வராது, கொடுக்கிற கையைப் பார்த்துத்தான் வரும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

முனுசாமி இப்போதும் பேரப்பிள்ளைகளிடம் அந்த ரேஸ் கதையை அளக்கிறான். அளக்கட்டும். அந்தச் சக்கரத்தை மாட்டியது நான் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.