பாவின் மறுமுனையில் என் ஓரகத்தி

தொண்ணூறுகளின் கடைசியில், பொங்கல் முடிந்த கையோடு ஒரு காலையில் நடந்தது இது. இடம், காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டு வாசல்.

என் கணவரும் அவர் அண்ணனும் ஒரே கூரையின் கீழ் தறி போட்டிருந்தார்கள். அண்ணன் மனைவி, அதாவது என் ஓரகத்தி, வாய்க்காரி. நான் அவளுக்கு மேல். புதிதாக வாங்கிய கலர் டிவியை யார் அறையில் வைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. அந்தப் பொங்கலுக்கு ஒரே வீட்டில் இரண்டு பானை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அது உயிர்ப் பிரச்சினை.

பேச்சு நின்றாலும் வேலை நிற்காது. பட்டு இழைகளைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீளமாக விரித்து, விறைப்பாக இழுத்துப் பிடித்து, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். அப்படி விரிக்கும் இழைகளைத்தான் பாவு என்போம். வழக்கமாக முளை அடித்துக் கட்டுவோம். அந்த வருஷம் தெருவுக்கு சிமென்ட் ரோடு போட்டுவிட்டார்கள். எங்களைக் கேட்டா போட்டார்கள்? முளை இறங்கவில்லை. அதனால் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, கையில் பிடித்துப் பின்னால் சாய்ந்து நின்றோம். ஒரு முனையில் நான், மறுமுனையில் அவள். நடுவில் எங்கள் கணவர்கள் கஞ்சி தடவினார்கள். கல்யாணப் புடவைகளுக்கான அரக்கு நிறப் பாவு. அது அறுந்தால் அந்தக் கோடை முழுக்க வீட்டில் பட்டினிதான்.

அவள் வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தாள். நான் தடுமாறினேன். சும்மா விடுவேனா, நானும் இழுத்தேன்.

"அந்தம்மாவ கொஞ்சம் தளத்திப் புடிக்கச் சொல்லுங்க," என்றேன் என் கணவரிடம்.

பதிலை அவள் தன் கணவரிடம் சொன்னாள். "மொதல்ல யாரு இழுத்தாங்கன்னு கேளுங்க. நான் மட்டும் தளத்திட்டு கீழ வுழணுமா?"

அவள் கணவர் கஞ்சிக் கையோடு நிமிர்ந்தார். "இன்னாமா இது, ஒங்க சண்டய பட்டுல காட்டிக்கினு. இழை அறுந்துக்கினு வருது."

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்து மார்க் வாங்கியவள்தான் நான். அன்றைக்குத்தான் அது உறைத்தது. நான் இழுப்பது அப்படியே அவளுக்குப் போகிறது, அவள் இழுப்பது எனக்கு வருகிறது. ஒருத்தி விட்டால் இன்னொருத்தி சிமென்ட்டில் மல்லாந்து விழுவாள். விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

எங்கள் தெருவின் நடுவில் ஒரு சந்து சரிவாக இறங்கி வந்து சேரும். அதற்கும் சிமென்ட் போட்டிருந்தார்கள். அங்கிருந்து கத்தல் கேட்டது. "பிரேக் புடிக்கல, நவுருங்க, நவுருங்க."

சாயப்பட்டறைக்கு விறகு ஏற்றிய மூன்று சக்கர வண்டி. அத்தனை பாரமும் அந்த வழவழப்பான ரோட்டில் வேகம் பிடித்து வந்தது. ஓட்டுகிறவர் காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தார். செருப்புதான் போனது. பாரமும் வேகமும் சேர்ந்துவிட்டால் ஒற்றை ஆளின் கால் என்ன செய்யும்? நேராகப் பாவின் நடுவுக்கு வந்தது.

விறைப்பாக நிற்கும் பாவைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. இரண்டு முனையும் ஒன்றாகத் தளர வேண்டும். ஒருத்தி மட்டும் விட்டால் மற்றவள் விழுவாள், பாவு சுருண்டு சிக்காகிவிடும். நான் அவளைப் பார்த்தேன். அவள்தான் கத்தினாள்.

"அடியே, முன்னாடி வாடி. நானும் வரேன். கயித்த வுட்டுடாத."

சண்டைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. என் கால் தானாக முன்னால் போனது. அவளும் அதே வேகத்தில் வந்தாள். பாவு தொய்ந்தது. ஆண்கள் அடியில் கை கொடுத்துத் தலைக்கு மேல் தூக்கினார்கள். வண்டிக்காரர் ஹேண்டில்பாரோடு படுத்துக்கொள்ள, வண்டி பாவுக்கு அடியில் புகுந்து எதிர்வீட்டு மணல் குவியலில் முட்டி நின்றது. வண்டிதான் நின்றது, அவர் நிற்கவில்லை. பறந்துபோய் மணலில் குப்புற விழுந்தார். விறகுக் கட்டைகளும் பறந்து அவருக்குப் பக்கத்தில் விழுந்தன. தலையில் விழாதது அவர் நல்ல நேரம்.

மணலைத் துப்பிக்கொண்டே எழுந்தார். "இன்னாமா, தெருவயே கட்டி வச்சிக்கினு நின்னா வண்டி எப்டிமா போறது?"

"பிரேக் இல்லாத வண்டிய ஓட்டிக்கினு வந்துட்டு எங்கள கேக்கறியா நீ?" என்று அவள் ஆரம்பித்தாள். விட்ட இடத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு வாயும் ஒரே பக்கம் திரும்பியதில் மனுஷன் விறகு பொறுக்கப் போய்விட்டார். எங்கள் கையில் கயிறு இருந்ததால் அவர் தப்பித்தார்.

அறுந்திருந்த சில இழைகளை ஆண்கள் முடிச்சுப் போட்டுச் சேர்த்தார்கள். நாங்கள் மறுபடி பின்னால் சாய்ந்தோம்.

"இப்ப சரியா இருக்குதா?" என்று கேட்டாள். என்னிடம்தான்.

"இருக்குதுக்கா," என்றேன்.

ஈரம் காயாத அந்த அரக்கு நிறம் வெயிலில் மின்னியதும், தெரு முழுக்க அடித்த கஞ்சி வாசனையும், தூரத்தில் சாய்ந்து நின்ற அவள் முகமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. இப்போது தனித்தனி வீடு. அவளோடு சண்டை இன்றும் உண்டு, என் கோபமும் குறையவில்லை. ஆனால் யாரோடு மல்லுக்கு நின்றாலும், நான் உதறிவிட்டுப் போனால் எதிரில் இருப்பவர் விழுந்துவிடுவார் என்ற நினைப்பு வந்து, முறைத்துக்கொண்டேயாவது ஓர் அடி முன்னால் வைத்துவிடுகிறேன்.