நாற்பது கிராம் பொய்

உள்ளறையிலிருந்து ‘பீப்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி மனைவியின் குரல், வீடே அதிரும்படி.

“ரெண்டு கிலோ! ஏங்க, காதுல விழுந்துச்சா? முழுசா ரெண்டு கிலோ!”

சமையலறையில் வெந்நீர்ப் பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்த கணவர் சட்டென்று திரும்பினார். கொஞ்சம் தண்ணீர் அடுப்பில் கொட்டிச் சுர்ரென்றது. அவர் மனம் தானாகவே கணக்குப் போட்டது. தராசு இரண்டு கிலோ காட்டினால் குழந்தையின் உண்மையான எடை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது கிராம்.

“என்னடா தம்பி, பொண்ணு ரெண்டு கிலோ ஆயிட்டாங்கிறா. நீ பரீட்சையில கோட்டை விட்டவன் மாதிரி நிக்கிறே?” என்றாள் அக்கா. பிள்ளை பெற்ற வீட்டுக்கு உதவிக்கு வந்திருந்தவள்.

“ஒண்ணுமில்லக்கா. சூடு பட்டுடுச்சு.”

அவருக்குத் தொழில் தராசு ரிப்பேர். கடைவீதியில் அவரை ‘முள்ளு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பது ஒரு காரணம். தராசு முள் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயமாட்டார் என்பது இன்னொன்று. ஒருமுறை மீன்கடைக்காரர் ஒருவர், “ஒரு அம்பது கிராம் நம்ம பக்கம் சாய்ச்சு வைங்கண்ணே” என்று காதைக் கடித்தார். இவர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். “சாய்க்கணும்னா உன் கடைச் சுவரைச் சாய்ச்சுக்கோ. தராசு மேல கை வைக்காத” என்று சொல்லிவிட்டு வந்தவர், அந்தக் கடைப் பக்கம் மறுபடி போகவே இல்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுவும் ஏழாம் மாதத்திலேயே, இரண்டு கைக்குள் அடங்குகிற அளவில். பிறந்ததும் நர்ஸ் அதை ஒரு தராசில் வைத்தாள். ஆயிரத்து நூற்றைம்பது கிராம். அந்த வார்டுத் தராசை இரண்டு மாதத்துக்கு முன்னால் சரிபார்த்துக் கொடுத்ததே இவர்தான். தன் வேலையில் ஒருநாளும் குறை வரக்கூடாது என்று நினைத்தவர், அன்றைக்கு மட்டும் தன் வேலை தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார். தராசு சரியாகத்தான் இருந்தது.

ஐம்பத்திரண்டு நாள் குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய் அந்த வார்டு வாசலில் கிடந்தாள். ஆயிரத்து எண்ணூறு கிராம் ஆனதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது, வீடு வீடாக வந்து பார்க்கிற நர்ஸ் சொன்னாள்: “பத்தாம் நாள் வருவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பது இருக்கணும். இல்லைன்னா திரும்ப வார்டுதான். பயமுறுத்தலை, சொல்லி வைக்கிறேன்.”

பயமுறுத்தவில்லை என்றாளே ஒழிய, அந்தத் தாய்க்கு வேறென்ன வேண்டும் பயப்பட? கணவரின் பட்டறையிலிருந்து ஒரு எலக்ட்ரானிக் தராசைக் கொண்டுவரச் சொன்னாள். பால் கொடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, பிறகு ஒருமுறை, துணி மாற்றினால் ஒருமுறை என்று ‘பீப்’ சத்தம் ஓயவில்லை. முதல் நான்கு நாளில் இருபது கிராம் குறைந்துபோனது. குறையக் குறைய அவள் சாப்பாட்டைத் தள்ளினாள், தூக்கம் போனது, நான்காம் நாள் பால் சுரப்பதே அடங்கிப்போனது. குழந்தை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஏமாந்து, சத்தம்கூட வராமல் அழுதது.

அன்று சாயங்காலம், மனைவி குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவர் தன் வாழ்நாளில் செய்யாததைச் செய்தார்.

தராசுக்கு ‘ஒரு கிலோ என்றால் இவ்வளவு’ என்று கற்றுக்கொடுக்க ஒரு கிலோ எடைக்கல்லை வைப்பார்கள். அவர் குறைத்து வைத்தார். ஒரேயடியாகக் குறைத்தால் சந்தேகம் வரும் என்று மூன்று சாயங்காலங்களில் கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றாம் நாள் தட்டில் இருந்தவை ஐந்நூறு, இருநூறு, இன்னொரு இருநூறு, ஐம்பது, பத்து. மொத்தம் தொள்ளாயிரத்து அறுபது. அதையே ஒரு கிலோ என்று தராசு நம்பியது. அவளும் நம்பினாள். தட்டுக் காலியாக இருக்கும்போது பூஜ்யம்தானே காட்டுகிறது, எப்படிச் சந்தேகம் வரும்?

ஐந்தாம் நாளே அவள் இரண்டு வேளை சேர்த்துச் சாப்பிட்டாள். ஆறாம் நாள் பால் பெருகி ரவிக்கை நனைந்தது.

இப்போது பத்தாம் நாள். வாசலில் ஸ்கூட்டர் நிற்கும் சத்தம். தோள்பையோடு நர்ஸ் படியேறி வந்தாள்.

“எங்கே நம்ம மேடம்?” என்றபடி கையைக் கழுவிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள்.

“பார்த்துத் தூக்குங்க சிஸ்டர், எங்க உழக்கு இப்ப ரெண்டு கிலோ. கை வலிக்கப் போகுது” என்றாள் அக்கா. உழக்கு என்பது அவள் குழந்தைக்கு வைத்த செல்லப்பெயர்.

நர்ஸ் பையிலிருந்து தன் தராசை எடுத்து, துண்டு விரித்து, குழந்தையைக் கிடத்தினாள். எண் ஓடி நின்றது. அவள் முகம் சுருங்கியது.

“ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுதானேமா இருக்கு. முப்பது கிராம் குறையுதே.”

“இருக்கவே இருக்காது!” மனைவி கொதித்து எழுந்தாள். “உங்க தராசு தப்பு சிஸ்டர். இதோ, எங்களோடதுல வைங்க.”

வைத்தார்கள். பீப். இரண்டாயிரம்.

“பார்த்தீங்களா? இது யார் சரி பண்ணின தராசு தெரியுமா? உங்க ஆஸ்பத்திரித் தராசுக்கே வைத்தியம் பார்க்கிறவர் இவரு!”

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் எத்தனை பெருமை! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் தன்னைப் பற்றி அவள் இப்படி நிமிர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. கேட்ட இந்த ஒரு தடவையும் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது அவருக்கு.

நர்ஸ் சிரித்துவிட்டாள். “சாரைத் தெரியாதா எனக்கு? என்னோடது போன வாரம் ஸ்கூட்டர்லேர்ந்து கீழே விழுந்துச்சு. அதுல கோளாறு இருக்கலாம். நீங்க சொல்லுங்க சார், உங்க தராசு சரின்னா அதையே எழுதிடறேன். சொட்டு மருந்தும் அந்த எடைக்கே கணக்குப் போட்டுடலாம்.”

பேனாவைத் திறந்தாள். ஒரு தலையசைப்புப் போதும். குழந்தை வீட்டிலேயே இருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

குழந்தை கொட்டாவி விட்டது. அந்தச் சின்ன வாய்க்குள் இல்லாத எடைக்கு மருந்து ஊற்றுவதா?

“எழுதாதீங்க சிஸ்டர்” என்றார் அவர். “உங்க தராசுதான் சரி. எங்களோடது பொய் சொல்லுது. நான்தான் சொல்ல வச்சேன்.”

“என்னங்க உளர்றீங்க?” என்றாள் மனைவி.

 அவள் விடுவிடுவென்று போய் அவருடைய பெட்டியைத் திறந்தாள். ஒரு கிலோ பித்தளைக் கல்லை எடுத்துவந்து நர்சின் தராசில் வைத்தாள். ஆயிரம். எடுத்துத் தங்கள் தராசில் வைத்தாள். ஆயிரத்து நாற்பது.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எத்தனை நாளா?”

“நாலாம் நாள்லேர்ந்து.”

“என் தங்கச்சிக்குத் தினம் போன் போட்டுச் சொன்னேனே. மாடி வீட்டுல, எதிர் வீட்டுல, எல்லார்கிட்டயும். நீங்க பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்களே!” குரல் உடைந்தது. “மீன்கடையில ஏமாந்து போற ஆள் மாதிரியா நான் உங்களுக்கு?”

“நீ சாப்பிடலை. பால் நின்னுடுச்சு. எனக்குத் தெரிஞ்சது தராசு ஒண்ணுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நிஜ எடை நான் மறக்கலை சிஸ்டர். நாலாம் நாள் ஆயிரத்து எழுநூத்து எம்பது. ஆறு நாள்ல நூத்து நாப்பது ஏறியிருக்கு.”

நர்ஸ் விரல் விட்டு எண்ணினாள். “அப்படின்னா நல்லாவே ஏறுது. ஆனா சார்...” கொஞ்சம் தயங்கினாள். “நேத்து வரைக்கும் நீங்க சொன்னதை நான் மறுபேச்சுப் பேசாம எழுதியிருப்பேன். இன்னைக்கு எப்படி எழுதறது?”

அந்தக் கேள்வி அவர் நெஞ்சில் கல்லாய் விழுந்தது. “வேணாம். எழுதாதீங்க” என்றார் மெதுவாக.

“மூணு நாள் கழிச்சு வர்றேன். என் தராசுல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எம்பது காட்டினா குழந்தை வீட்ல. ஒரு கிராம் குறைஞ்சாலும் வார்டு. சரியா?”

“நிச்சயம் காட்டும்” என்றாள் மனைவி. குழந்தையை வாரி எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். “சிஸ்டர், இந்தத் தராசை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க.”

“ஏம்மா, சார் இப்பவே திருத்திக் கொடுத்துடுவாரே.”

“வேணாம். அது சரியாச் சொன்னப்ப எனக்குப் பால் நின்னுச்சு. தப்பாச் சொன்னப்ப ஊருக்கெல்லாம் டமாரம் அடிச்சேன். ரெண்டும் போதும். இவ குடிக்கிறதை நான் பார்க்கிறேன். குடிச்சுட்டுத் தூங்குறதைப் பார்க்கிறேன்.”

அவர் தராசைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, நர்சிடம் கொடுத்தார். அக்கா சூழ்நிலையை இலகுவாக்கப் பார்த்தாள். “போகட்டும் சிஸ்டர். எங்க தம்பி முள்ளு வாழ்க்கையில ஒருதரம் வளைஞ்சுட்டான். அதுவும் நாப்பது கிராம்.”

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் மட்டும் லேசாகப் புன்னகைத்தாள். இரண்டு தராசுகளையும் சுமந்துகொண்டு செருப்பை மாட்டினாள்.

“இன்னும் ரெண்டு வேளை கூடுதலாக் கொடும்மா. நீயும் நல்லாச் சாப்பிடு.”

அவள் படியிறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவர் திறந்த கதவின் அருகிலேயே நின்றார், உள்ளே வரலாமா என்று தெரியாதவர்போல.

மனைவி சுவரைப் பார்த்து உட்கார்ந்து, குழந்தைக்கு மார்பைக் கொடுத்தாள். அது பற்றிக்கொண்டு குடிக்கத் தொடங்கியது. வெகுநேரம் கழித்து, திரும்பாமலே சொன்னாள்:

“அங்கேயே என்ன நிக்கிறீங்க? குழந்தைக்குக் காத்து அடிக்குது.”

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.