அப்பாவை வழியனுப்பிய தப்புமேளம்

எங்கள் அன்பு அப்பா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்து வரிசை வீட்டில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்தவர். பகலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். காமன் கூத்து, தீமிதி, சாவு எதுவானாலும் தப்புமேளத்தோடு முதல் ஆளாக நிற்பார். அவர் அடித்தால்தான் சாமி வரும் என்பார்கள். அடித்து முடித்ததும் கோயிலுக்கு வெளியே நிறுத்தி, அவருக்கென்று ஒதுக்கிய பிளாஸ்டிக் கோப்பையில் தேநீர் ஊற்றுவார்கள். அப்பா அதைக் குடித்ததில்லை. "வவுறு சரியில்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

தோட்டத்தார் செய்ததாவது பழகிப்போனது. சொந்த வீட்டில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் அப்பா கண்மூடிய அன்றே, கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் டவுன் பேண்ட் செட்டுக்குச் சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்க அப்பாவோடு சேர்ந்து அடித்த கூட்டாளிகள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மேளத்தோடு வந்தபோது, அவர்களை ரோட்டிலேயே மறித்தார்.

"எங்க கொழும்பு ஆபீஸ்ல இருந்து ஆளுங்க வாராங்க. இன்னைக்கு இது வேணாம் மாமா."

தோட்டத்துச் சாவுக்கெல்லாம் அடித்த மனிதருக்கு அவர் சாவில் மேளம் கிடையாதாம்! சீருடைக்காரர்கள் சினிமாப் பாட்டு வாசித்தார்கள். அண்ணனின் சிநேகிதர்கள் அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சீ என்று போய்விட்டது எனக்கு.

பாடையைத் தூக்கும் நேரத்தில் அம்மா எழுந்து உள்ளே போனார். அப்பாவின் மேளத்தை எடுத்துவந்து, வாசலில் பழைய பேப்பரைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். எங்கள் மலை ஈரத்துக்குத் தோல் தொய்ந்துவிடும். சூடு காட்டாமல் அடிக்க முடியாது. அண்ணன் பதறி ஓடிவந்தார்.

"அம்மா, மானம் போகுது!"

"செத்தவரையும் ஒளிச்சு வச்சுத்தான் எடுப்பியாடா? தள்ளு அந்தப் பக்கம்."

பிறகு ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாங்கண்ணே. வந்து அடிங்க."

வந்தார்கள். அழுதுகொண்டே அடித்தார்கள். பேண்ட் தானாக நின்றது. அப்பாவை மேளத்தோடுதான் எடுத்தோம்.

ஆஸ்பத்திரியில் துணை நின்றவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், குழி வெட்டிய தம்பிமாருக்கும், மேளமடித்த மாமாமாருக்கும் இந்த ஓராண்டு நிறைவில் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இந்த நினைவு மலரின் அட்டைக்கு அண்ணன் அனுப்பிய படத்தில் அப்பாவின் தோளுக்குக் கீழே வெட்டப்பட்டிருந்தது. மேளம் தெரியக் கூடாதாம். நான் முழுப்படத்தையே போட்டிருக்கிறேன். பார்க்கக் கூசுகிறவர்கள், அண்ணன் உட்பட, மலரை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம்.

மகள்